கதிரவனும் அணுவும்

திருநெல்வேலி மாவட்டத்தின் கடலோரத்தில் கூடங்குளம் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தின் உட்பகுதியில், சீமைக் கருவேலம் மண்டிய வறண்ட நிலத்தில், கமுதி இருக்கிறது. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறன் கொண்ட இரண்டு அணுவுலைகள் இயங்குகின்றன. கமுதியில் ஏறத்தாழ 25 இலட்சம் சூரிய மின்தகடுகள் 2,500 ஏக்கர் பரப்பில் வானைப் பார்த்துக் கிடக்கின்றன. அவற்றின் மொத்தத் திறன் 648 மெகாவாட்.

கூடங்குளத்திற்கான ஒப்பந்தம் 1988ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் அன்றைய சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே கையெழுத்தானது. முதல் உலை வணிக முறையிலான உற்பத்தியைத் தொடங்கிய நாள் 2014 டிசம்பர் 31. இடையில் சோவியத் ஒன்றியமே கலைந்துபோனது. கமுதி மின்நிலையமோ ஏறத்தாழ எட்டு மாதங்களில் கட்டி முடிக்கப்பட்டு, 2016ஆம் ஆண்டில் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை மட்டும் கண்டு ஒன்றை ஆமை என்றும் மற்றொன்றை முயல் என்றும் கூறிவிட இயலாது. கமுதியின் தகடுகள் மாலையில் உறங்கிவிடும். கூடங்குளத்தின் சுழலிகள் நள்ளிரவிலும் சுழலும்.

இவ்விரண்டில் எது நீடித்த ஆற்றல் என்னும் கேள்வி இன்று உலகெங்கும் எழுகிறது. 'நீடித்த வளர்ச்சி' என்பதற்கு 1987ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை அமைத்த ஆணையம் ஒரு விளக்கம் தந்தது. இன்றைய தலைமுறை தன் தேவையை நிறைவு செய்துகொள்ளும்போது, வருங்காலத் தலைமுறையினர் தம் தேவையை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் கெடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். எரிபொருள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பது மட்டும் அங்கே அளவுகோல் ஆகவில்லை. ஒரு தலைமுறை மின்விளக்கை எரித்துவிட்டு, அதற்கான கடனை யார் தலையில் வைத்துச் செல்கிறது என்பதும் அளவுகோல்தான். அணுமின்சாரம், சூரிய மின்சாரம் ஆகிய இரண்டுமே கடன் வைக்கின்றன. ஆனால் அக்கடன்கள் ஒரே வகையின அல்ல.

மின்சாரம் பிறக்கும் வழி

அணுமின் நிலையம் அடிப்படையில் ஒரு நீராவி நிலையமே. யுரேனியம் 235 அணுக்கரு நியூட்ரானால் தாக்கப்பட்டுப் பிளக்கும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அவ்வெப்பம் நீரை ஆவியாக்குகிறது. ஆவி சுழலியைச் சுழற்றுகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி செய்யும் வேலையைக் கூடங்குளத்தில் அணுக்கரு செய்கிறது. வேறுபாடு எரிபொருளின் அளவில் இருக்கிறது. விரல் நுனி அளவுள்ள ஒரு யுரேனிய வில்லை, ஏறத்தாழ ஒரு டன் நிலக்கரிக்கு ஈடான ஆற்றலைத் தரவல்லது. 1,000 மெகாவாட் அணுவுலையிலிருந்து ஓராண்டில் வெளியே எடுக்கப்படும் எரிந்த எரிபொருள் ஏறத்தாழ 20 முதல் 25 டன் வரைதான். அதே மின்சாரத்தை நிலக்கரியிலிருந்து பெறவேண்டுமெனில் ஏறத்தாழ 50 இலட்சம் டன்னை எரிக்க வேண்டும். சாம்பலும் புகையும் அதற்குமேல்.

சூரிய மின்தகட்டில் நெருப்பும் இல்லை, நீராவியும் இல்லை, சுழலும் உறுப்பும் இல்லை. சிலிக்கன் படலத்தின்மீது ஒளி விழும்போது எலக்ட்ரான்கள் இடம்பெயர்வதால் மின்னோட்டம் உண்டாகிறது. ஒளியால் மின்னழுத்தம் தோன்றுவதைப் பிரெஞ்சு அறிவியலாளர் எட்மண்ட் பெக்கரெல் 1839ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். நடைமுறைக்கு உதவும் சிலிக்கன் மின்கலம் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1954ஆம் ஆண்டில் உருவாயிற்று. தொடக்கத்தில் செயற்கைக்கோள்களுக்கு மட்டுமே கட்டுப்படியான அந்தப் பொருள், இன்று வீட்டு மாடிக்கு வந்துவிட்டது. இந்தியாவின் சூரிய மின்திறன் 2014ஆம் ஆண்டில் 3,000 மெகாவாட்டை எட்டவில்லை. 2025 சனவரியில் அது 1,00,000 மெகாவாட்டைக் கடந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக வளர்ந்துவரும் அணுமின் திறனோ 10,000 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மெகாவாட் என்பது ஒரு நிலையம் முழுவீச்சில் இயங்கும்போது தரக்கூடிய திறன். அது உண்மையில் தந்த மின்சாரம் அன்று. நன்கு இயங்கும் அணுவுலை ஆண்டு முழுவதும் தன் திறனில் ஏறத்தாழ 80 விழுக்காடு அளவுக்கு மின்சாரம் தரும். இரவு, மேகம், கதிரவனின் சாய்வு ஆகியவற்றால் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 20 விழுக்காடே தரும். இக்கணக்கின்படி கூடங்குளத்தின் ஓர் உலை ஆண்டுக்கு ஏறத்தாழ 700 கோடி அலகு மின்சாரம் தருமெனில், கமுதி ஏறத்தாழ 113 கோடி அலகு தரும். ஓர் உலைக்கு ஈடாக ஆறு கமுதிகள் வேண்டும். அதாவது ஏறத்தாழ 15,000 ஏக்கர் நிலம் வேண்டும். சூரிய ஆற்றலைப் போற்றும் மேடைப் பேச்சுகளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பொங்கல் நாளில் கதிரவனை வணங்கும் மண் இது என்பது பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் வணக்கத்தால் மின்சாரம் கிடைக்காது.

கரியமில வாயுவைப் பொறுத்தவரை இரண்டுமே நிலக்கரியைவிடப் பன்மடங்கு தூயவை. காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சுரங்கம் தோண்டுவது முதல் நிலையத்தைக் கலைப்பது வரை அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஓர் அலகு மின்சாரத்திற்கு அணுவாற்றல் ஏறத்தாழ 12 கிராமும், பெரிய சூரிய நிலையம் ஏறத்தாழ 48 கிராமும், நிலக்கரி ஏறத்தாழ 820 கிராமும் வெளியிடுகின்றன. நிலக்கரிப் புகையால் மடிவோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அணுமின்சாரத்தால் உயிரிழந்தோர் மிகக் குறைவு என்பதும் உண்மையே. ஆகவே அணுவாற்றலைப் பேய்போலச் சித்திரிப்பவர், நிலக்கரிக்கு மறைமுகமாகத் துணைபோகிறார். கேள்வி அதனினும் நுட்பமானது.

உலை நின்ற பிறகு

நிலக்கரி அடுப்பை அணைத்தால் அது குளிர்ந்துவிடும். அணுவுலையை அவ்வாறு அணைக்க இயலாது. அணுக்கருப் பிளவை நிறுத்திய அந்த நொடியிலும், பிளவில் தோன்றிய கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே இருப்பதால், உலையின் முழு வெப்பத்தில் 6 முதல் 7 விழுக்காடு வரை வெளிப்பட்டுக்கொண்டிருக்கும். அது நாள்தோறும் குறைந்துவரும் என்றாலும், முழுவதும் தணியும்வரை குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2011 மார்ச் 11 அன்று சப்பானின் புகுசிமாவில் நிலநடுக்கம் வந்தவுடன் உலைகள் முறைப்படி நின்றுவிட்டன. பின்னர் வந்த ஆழிப்பேரலை, குளிர்நீரை ஓட்டவேண்டிய டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்தது. மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. 1,50,000 பேருக்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு வெளியேறினர்.

கல்பாக்கமும் இத்தகைய சோதனையைக் கண்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது அங்கே ஓர் உலை இயங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் இறைப்பு நிலையத்தில் வெள்ளம் புகுந்தது. பணியிலிருந்தோர் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினர். கதிரியக்கக் கசிவு ஏதும் நேரவில்லை. ஆனால் அருகிலிருந்த குடியிருப்பில் உயிர்கள் பறிபோயின. அணுவுலை காப்பாற்றப்பட்டது என்பது பொறியியலுக்குக் கிடைத்த நற்சான்று. அதே கடற்கரையில் வாழும் மக்களின் மனத்தில் அச்சம் குடியேறியது என்பதும் அந்த நாளின் விளைவே.

அந்த அச்சத்தின் பின்னணியில்தான் இடிந்தகரை மீனவர்களின் போராட்டத்தைப் பார்க்க வேண்டும். புகுசிமா விபத்து நடந்த அதே ஆண்டில் அது பெருவடிவம் எடுத்தது. கடலில் விடப்படும் வெந்நீரால் மீன்வளம் என்னாகும், விபத்து நேர்ந்தால் தப்பும் வழி எது, எரிந்த எரிபொருள் எங்கே போகும் என்பன அவர்கள் எழுப்பிய கேள்விகள். அந்நாளில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது. கோவையின் சிறுதொழிற் பட்டறைகள் முடங்கின, விசைத்தறிகள் நின்றன, பொதுத்தேர்வு எழுதவிருந்த மாணவர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தனர். பட்டறைத் தொழிலாளியும் கடலோர மீனவரும் எதிரெதிர் அணியினர்போல நிறுத்தப்பட்டனர். மின்சாரம் கேட்டவரிடம் அச்சத்தைப் பற்றிப் பேசியவர் வளர்ச்சிக்குப் பகைவர் எனப்பட்டார். போராடியவர்களுள் ஆயிரக்கணக்கானோர்மீது வழக்குகள் பதிவாயின. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை இயக்கத் தடையில்லை எனத் தீர்ப்பளித்தது. அத்துடன் பாதுகாப்பு தொடர்பாக 15 வழிகாட்டுதல்களையும் பிறப்பித்தது. மீனவர்களின் கேள்விகள் வெறும் பீதியிலிருந்து பிறந்தவை அல்ல என்பதற்கு அந்த 15 வழிகாட்டுதல்களே சான்று.

கூடங்குளம் உலைகள் புகுசிமா உலைகளைவிடப் புதிய தலைமுறையைச் சேர்ந்தவை. மின்சாரம் முற்றிலும் அற்றுப்போனாலும் இயற்கைக் காற்றோட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பும், உருகிய எரிபொருளைத் தாங்கிக்கொள்ளும் கலமும் அவற்றில் உண்டு. விபத்து என்னும் பூதத்தைக் கட்டிப்போடப் பொறியாளர்கள் பெருமுயற்சி செய்திருக்கின்றனர். விபத்தே நேராது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் எஞ்சி நிற்கிறது. அதுவே இந்த ஒப்பீட்டின் மையம்.

முந்நூறு ஆண்டுக் காவல்

உலையிலிருந்து வெளியே எடுக்கப்படும் எரிபொருள், உள்ளே சென்றபோது இருந்ததைவிடப் பல இலட்சம் மடங்கு கதிரியக்கம் கொண்டது. முதலில் அதைச் சில ஆண்டுகள் ஆழமான நீர்த்தொட்டியில் வைத்துக் குளிரவைக்கின்றனர். அதில் உள்ள சீசியம் 137, இசுட்ரான்சியம் 90 ஆகியவற்றின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 30 ஆண்டுகள். பத்து அரை ஆயுட்காலம் கடந்தால் கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்காகும். அதாவது 300 ஆண்டுகள் காவல் வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இராமநாதபுரத்தைச் சேதுபதிகளும் தஞ்சாவூரை மராத்தியரும் ஆண்டுகொண்டிருந்தனர். அன்று ஒரு மன்னர் ஒரு கிடங்கைப் பூட்டி, அதற்குக் காவல் வைத்து, ஓலையில் ஆணை எழுதியிருந்தால் அந்தக் காவல் இன்றுவரை தொடர்ந்திருக்குமா?

புளூட்டோனியம் 239இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 24,100 ஆண்டுகள். கீழடியின் பழமை ஏறத்தாழ 2,600 ஆண்டுகள் எனப்படுகிறது. அதைப்போல ஒன்பது மடங்கு காலம் கழிந்தால்தான் புளூட்டோனியத்தின் பாதி அழியும்.

இதற்கு இந்திய அணு அறிவியலாளர்களிடம் ஒரு மறுமொழி உண்டு. அது எளிதாகத் தள்ளத்தக்கதன்று. எரிந்த எரிபொருள் குப்பை அன்று, அது மற்றோர் எரிபொருள் என்கின்றனர். ஓமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின்படி, முதற்கட்ட உலைகளில் தோன்றும் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து இரண்டாம் கட்ட ஈனுலைகளில் எரிக்கலாம். அவை தாம் செலவிடுவதைவிட அதிகமான எரிபொருளை ஈனும். மூன்றாம் கட்டத்தில் தோரியத்தைப் பயன்படுத்தலாம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டு, தோரியத்தின் மூலம். இத்திட்டம் நிறைவேறினால் இந்தியாவுக்கு நூற்றாண்டுக் கணக்கில் எரிபொருள் கிடைக்கும்.

திட்டத்தின் அழகில் ஐயமில்லை. காலத்தில்தான் ஐயம். இரண்டாம் கட்டத்தின் முன்மாதிரியான 500 மெகாவாட் ஈனுலையின் கட்டுமானம் கல்பாக்கத்தில் 2004ஆம் ஆண்டில் தொடங்கியது; 2010ஆம் ஆண்டில் முடியும் என எதிர்பார்க்கப்பட்டது. அதன் உலையகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. மேலும், புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்த பிறகும் சீசியமும் இசுட்ரான்சியமும் போகா. அவற்றைக் கண்ணாடியில் உறையவைத்துக் காக்கும் தொழில்நுட்பத்தில் இந்தியா தேர்ச்சி பெற்றிருக்கிறது. அந்தக் கண்ணாடி உருளைகளை என்றென்றைக்குமாக வைக்க ஓர் ஆழ்நிலக் கிடங்கு வேண்டும். பின்லாந்து நாடு ஆங்கலோ என்னும் இடத்தில் 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறையைக் குடைந்து அத்தகைய கிடங்கை அமைத்துள்ளது. இந்தியாவில் அவ்வாறான கிடங்கு இல்லை. கூடங்குளத்தின் எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைப்பதற்கான இடைக்கால வசதியை ஐந்து ஆண்டுகளுக்குள் அமைக்க நீதிமன்றம் பணித்தது. அந்தக் காலக்கெடுவே நீட்டிக்கப்பட வேண்டியதாயிற்று.

சமையல் முடிந்தபின் பாத்திரம் கழுவும் இடத்தை முடிவு செய்யாமலேயே வீடு கட்டியதைப் போன்றது இது. வீட்டிலாவது கழுவாத பாத்திரம் மறுநாள் காத்திருக்கும். இங்கே அது இன்னும் பிறவாதவர்களுக்காகக் காத்திருக்கிறது. அவர்கள் இந்த மின்சாரத்தின் ஓர் அலகைக்கூடப் பயன்படுத்தியிருக்கமாட்டார்கள்.

மாலை ஏழு மணி

சூரிய ஆற்றலின் கடன் அன்றாடக் கடன். நண்பகலில் தகடுகள் மின்சாரத்தைக் கொட்டும். சில நாள்களில் வாங்க ஆளின்றி உற்பத்தியைக் குறைக்கும்படி சொல்லவும் நேரும். மாலை ஆறரைக்குக் கதிரவன் மறைந்தபின், வீடுதோறும் விளக்கும் மின்விசிறியும் மாவரைக்கும் இயந்திரமும் குளிரூட்டியும் ஓடத் தொடங்கும். தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024ஆம் ஆண்டுக் கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. மாலை ஏழு மணிக்குத் தேவைப்படும் மின்சாரத்தைப் பகல் பன்னிரண்டு மணிக்கு உண்டாக்கி வைத்துப் பயனில்லை, சேமிக்க வழி இல்லையெனில்.

வழி புதிதன்று. கோவை மாவட்டத்தின் ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1980களிலேயே கட்டப்பட்டது. அதன் திறன் 400 மெகாவாட். மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் நீர் மேலே ஏற்றப்படுகிறது. பற்றாக்குறை நேரத்தில் அதே நீர் கீழே பாய்ந்து சுழலியைச் சுழற்றுகிறது. ஏற்றுவதற்குச் செலவான மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்கு போல வீணாகும். மீதி கைக்கு வரும். இரவில் மிஞ்சும் அனல்மின்சாரத்தைச் சேமிக்க எண்ணிக் கட்டியவர்கள், ஒருநாள் நண்பகல் வெயிலைச் சேமிக்கவும் அது உதவும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் திறனுள்ள மற்றொரு நீரேற்று நிலையம் திட்டமிடப்பட்டுப் பணிகள் நடந்துவருகின்றன. பெரிய மின்கலத் தொகுப்புகளின் விலையும் ஆண்டுதோறும் இறங்கிவருகிறது.

தமிழ்நாட்டுக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பகுதிகளிலும் மே முதல் செப்டம்பர் வரை காற்று வலுவாக வீசும். மழைமேகம் சூரியனை மறைக்கும் நாள்களிலும் காற்றாலைகள் சுழலும். காற்று இரவிலும் வீசும். ஒன்று தளரும்போது மற்றொன்று தோள் கொடுக்கும் இந்த அமைப்பை எல்லா மாநிலங்களும் பெற்றிருக்கவில்லை. அணுவுலை ஓய்வதே இல்லை என்பதும் மிகைக் கூற்றே. எரிபொருள் மாற்றுவதற்காகக் கூடங்குளம் உலை வாரக்கணக்கில் நிறுத்தப்படும். எதிர்பாராத கோளாறால் நின்றால் மின்கட்டமைப்பு ஒரே நொடியில் 1,000 மெகாவாட்டை இழக்கும். மேகம் மறைக்கும் நேரத்தை முன்கூட்டிக் கணிக்கலாம். கோளாறு சொல்லிக்கொண்டு வருவதில்லை.

நிலமும் கூரையும்

சூரிய ஆற்றலுக்கும் கறைகள் உண்டு. கருவேலங்காடு 'தரிசு' என்று அரசு ஏட்டில் எழுதப்பட்டிருக்கலாம். ஆடு மேய்ப்பவருக்கு அது தரிசன்று. கண்மாய்க்கு நீர் வந்துசேரும் வழியில் வேலி எழுப்பினால் பாதிக்கப்படுபவர் கடைமடை உழவர். கருநாடகத்தின் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்காமல் உழவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்துச் சூரியப் பூங்கா அமைத்தனர். நிலம் உழவர் கையை விட்டுப் போகவில்லை. ஆண்டுதோறும் குத்தகைப் பணமும் வருகிறது. பின்பற்றத்தக்க முறைதான். ஆயினும் அந்த நிலத்தில் களை பறித்துக் கூலி பெற்றவருக்கு அந்தக் குத்தகையில் பங்கில்லை.

விலையிலும் ஒரு பாடம் இருக்கிறது. கமுதி மின்சாரத்தை அலகு ஒன்றுக்கு 7 ரூபாய் 1 காசு வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்க மின்வாரியம் உடன்பட்டது. 2017ஆம் ஆண்டில் இராசசுத்தானின் பட்லாவில் நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரத்தின் விலை 2 ரூபாய் 44 காசாக இறங்கியது. விரைந்து விலை குறையும் ஒரு தொழில்நுட்பத்தில் நீண்டகால ஒப்பந்தம் செய்வது எத்தகைய சுமையாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தகடுகளின் பெரும்பகுதி சீனாவில் செய்யப்படுகிறது என்பதும், 25 அல்லது 30 ஆண்டுகளுக்குப்பின் கண்ணாடி, அலுமினியம், ஈயம், வெள்ளி ஆகியவை கலந்த கழிவுமலை சேரும் என்பதும் கவலைக்குரியனவே. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளில் சூரியத் தகடுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. விதி ஏட்டில் இருக்கிறது; மறுசுழற்சி ஆலைகள் இனித்தான் பெருக வேண்டும்.

இந்தக் கறைகளுக்கும் அணுக்கழிவுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று இருக்கிறது. தகட்டின் ஈயமும் வெள்ளியும் பிரித்தெடுத்தால் தீர்ந்துபோகும் சிக்கல். நிலத் தகராறு பேசித் தீர்க்கத்தக்கது. மாலை ஏழு மணிப் பற்றாக்குறை அணையாலும் மின்கலத்தாலும் ஈடுசெய்யத்தக்கது. இவை அனைத்தையும் மின்சாரத்தைப் பயன்படுத்தும் அதே தலைமுறை, தன் வாழ்நாளிலேயே, தன் பணத்திலேயே தீர்த்துவிட இயலும். தீர்க்காமல் விட்டால் அது சோம்பலே தவிர இயலாமை அன்று. 300 ஆண்டுக் காவலைத் தன் வாழ்நாளில் முடித்துவைக்க எந்தத் தலைமுறையாலும் இயலாது.

ஆதலால் தமிழ்நாட்டின் மின்தேவை வளருந்தோறும் முதலில் கைநீட்ட வேண்டிய இடம் வெயில்தான். அதிலும் கமுதியைப்போல மேலும் பல ஆயிரம் ஏக்கரைத் தேடுவதற்கு முன், ஏற்கெனவே இருக்கும் கூரைகளைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோவாட் தகடுகளுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் போதும். அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு மின்சாரம் தரும். பள்ளிகள், கல்லூரிகள், பேருந்துப் பணிமனைகள், நியாயவிலைக் கடைகள், நெல் கிடங்குகள், நூற்பாலைகள் ஆகியவற்றின் மேற்பரப்பு பகலெல்லாம் வெறுமனே காய்ந்துகொண்டிருக்கிறது. பள்ளியும் ஆலையும் மின்சாரத்தைப் பகலில்தான் பயன்படுத்துகின்றன. அங்கே சேமிப்பே தேவையில்லை. கூரை மின்சாரத்திற்கு நெடுந்தொலைவு மின்கம்பியும் வேண்டாம், யாருடைய மேய்ச்சல் நிலமும் வேண்டாம்.

இயங்கும் அணுவுலைகளை நாளையே மூடவேண்டும் என்பது இதன் பொருளன்று. செருமனி தன் கடைசி மூன்று அணுவுலைகளை 2023 ஏப்ரலில் மூடியது. அப்போதும் அந்நாட்டில் நிலக்கரி நிலையங்கள் புகைந்துகொண்டிருந்தன. எண்ணூரும் மேட்டூரும் தூத்துக்குடியும் நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கும்வரை, கட்டி முடித்த அணுவுலையை மூடுவது அறிவுடைமை ஆகாது. அதன் கழிவுக் கடன் ஏற்கெனவே ஏற்பட்டுவிட்டது. மின்சாரத்தையாவது முழுமையாகப் பெற வேண்டும். ஆனால் புதிய உலை ஒன்றுக்கு அடிக்கல் நாட்டுமுன் எரிந்த எரிபொருள் இறுதியாக எங்கே வைக்கப்படும் என்பதற்கு ஊர்ப்பெயரோடு விடை தர வேண்டும். அந்த ஊர் மக்களிடம் கேட்டிருக்கவும் வேண்டும். 'பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது பொறியியல் விடை அன்று. அத்துடன், உலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் எடுக்கப்படும் கதிரியக்க அளவீடுகள் தமிழில், அந்த ஊர்களின் ஊராட்சி அலுவலகச் சுவரில், மாதந்தோறும் எழுதப்பட வேண்டும். அறிவியலில் நம்பிக்கை உள்ளவர்கள் எண்களை மறைக்கத் தேவையில்லை.

கூடங்குளத்தில் மூன்றாம் உலை முதல் ஆறாம் உலைவரை மேலும் 4,000 மெகாவாட்டுக்கான கட்டுமானம் நடந்துகொண்டிருக்கிறது. அவை அனைத்தும் மின்கட்டமைப்பில் இணையும் காலத்தில், இன்று பதினோராம் வகுப்பில் பயில்வோர் வாக்காளர்களாகவும் மின்கட்டணம் செலுத்துவோராகவும் இருப்பர். சிலர் அந்த உலைகளிலேயே பொறியாளர்களாகவும் இருக்கலாம். எரிந்த எரிபொருள் எங்கே என்னும் கேள்வி அப்போது அவர்களுடைய மேசைக்கு வரும்.